சொட்டாத ஓட்டை

விடியற்காலை ஐந்தரை மணி. சுங்கை லாலாங்கில் பனி இன்னும் விலகவில்லை. ஜெராய் மலை மேகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அடுப்படியில் தேத்தண்ணி கொதிக்கிறது. அந்த நேரத்தில் வாசலில் ஒரு சத்தம்.

"கிர்ர்... கிர்ர்... கிர்ர்..."

லோரி பிடிக்கிறது. நாலு முறை உறுமுகிறது. அப்புறம் மூச்சு முட்டினாற்போல நின்றுவிடுகிறது. மறுபடியும் "கிர்ர்... கிர்ர்..." பேட்டரி களைக்கக் களைக்க அந்தச் சத்தமும் தேய்கிறது. உள்ளே இருக்கும் மனைவிக்கு வயிறு கலங்குகிறது. இன்றைய கூலி போச்சோ?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வாசகர்களே, இந்தச் சத்தத்தைக் கேட்டிராத வீடு நம்மில் உண்டா? அந்தக் காலத்தில் பால் லோரி நின்றுபோனால் வெட்டிய பாலெல்லாம் வாளியிலேயே கட்டிப்போகும். இந்தக் காலத்தில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் நின்றுபோனால், வெட்டிய பழம் வெயிலில் கிடந்து புளிப்பேறும். எண்ணெயின் தரம் இறங்கும். வண்டி சொந்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். மாதத் தவணை ஒரு நாள்கூட நமக்காகக் காத்திருக்காது.

டீசல் வண்டிகள் இப்படி மூச்சு முட்டி நிற்பதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். ஆனால் அனுபவப்பட்டவர்களைக் கேட்டால் முதலில் இரண்டைத்தான் சொல்வார்கள். ஒன்று, எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கும். மற்றொன்று, பில்டர் என்று நாம் சொல்லும் வடிகட்டி அடைத்திருக்கும். இரண்டுமே சில வெள்ளிச் செலவில் தீரக்கூடியவை. ஆனால் இவற்றைத் தெரிந்துகொள்ளாததால் ஆயிரக்கணக்கில் அழுத குடும்பங்கள் உண்டு. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. அந்தக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அத்தானின் லோரி

என் அக்காள் கணவர் இருபது ஆண்டுகள் தோட்டத்து டிராக்டர் ஓட்டியவர். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புக்குப் போனபோது, கையில் கிடைத்த பணத்தை முன்பணமாகப் போட்டு ஒரு பழைய டீசல் லோரி வாங்கினார். சுங்கை பட்டாணிக்கும் பீடோங்குக்கும் நடுவே மணலும் கல்லும் ஏற்றிப் பிழைப்பு ஓடியது.

ஒரு மழைக்காலத்தில் தொடங்கியது வினை. காலையில் லோரி எடுப்பதில்லை. எடுத்தாலும் நின்றுவிடும். அரை மணி நேரம் போராடிய பிறகு ஒருவழியாகப் பிடித்துவிட்டால் அன்று முழுவதும் ஒழுங்காக ஓடும். மறுநாள் காலை மறுபடியும் அதே பாடு.

பட்டணத்துப் பட்டறை ஒன்றில் கொண்டுபோய் விட்டார். "பம்பு தேய்ந்துபோச்சு" என்றார்கள். கழற்றிப் புதுப்பித்தார்கள். இரண்டு மாத வருமானம் போயிற்று. லோரி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அதே "கிர்ர்... கிர்ர்..."

"பேட்டரியாக இருக்கும்" என்றார் ஒருவர். புதுப் பேட்டரி வந்தது. "இன்ஜெக்டராக இருக்கும்" என்றார் இன்னொருவர். அதுவும் கழன்றது. அக்காளின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

கடைசியில், அத்தானோடு அந்தக் காலத்தில் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய பெரியவர் ஒருவர், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர், வாசலில் கதையைக் கேட்டார். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. லோரியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு கேட்டார்:

"ராத்திரி வண்டிய நிறுத்தும்போது முகம் எந்தப் பக்கம் இருக்கும்?"

அத்தானுக்குப் பதில் தெரியவில்லை. அடுப்படி வாசலில் நின்ற அக்காள்தான் சொன்னாள்: "பெரியப்பா, மேட்டுப் பக்கம் முகம் வச்சு நிறுத்துனா மறுநாள் எடுக்கிறதே இல்ல. ரோட்டுப் பக்கம் பள்ளத்தைப் பார்த்து நிறுத்துன அன்னிக்குப் பிரச்சினையே இல்ல. நான் தினமும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இத ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?"

"யாரும் என்கிட்ட கேக்கலியே!"

பெரியவர் சிரித்தார். "தம்பி, நீ இத்தனை நாளா சொட்டுற ஓட்டையத் தேடுன. சொட்டாத ஓட்டையத் தேடு" என்றார் அத்தானிடம்.

ஒரு முழம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை வாங்கி வரச் சொன்னார். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் எண்ணெய்க் குழாயின் நடுவே அதைப் பொருத்தினார். எஞ்சினை முடுக்கியதும் அந்தக் குழாய்க்குள் சரம் சரமாகக் காற்றுக் குமிழிகள் ஓடின! டேங்கின் அருகே, கிளிப்புக்கு அடியில், பழைய ரப்பர் குழாய் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. அந்த இடத்தில் ஒரு சொட்டு டீசல்கூடக் கசியவில்லை. குழாயும் இரண்டு கிளிப்பும் மாற்றினார்கள். ஒரு குடும்பம் சாப்பாட்டுக் கடையில் பசியாறும் காசுகூட ஆகவில்லை. அதன் பிறகு அந்த லோரி காலையில் அடம் பிடித்ததே இல்லை.

ஓட்டை இருந்தும் ஏன் சொட்டவில்லை?

இளநீரைக் குழல் போட்டு உறிஞ்சுகிறீர்கள். குழலின் நடுவே சின்ன வெடிப்பு. அந்த வெடிப்பின் வழியாக இளநீர் வெளியே கொட்டுமா? கொட்டாது. மாறாக, வெளிக்காற்று உள்ளே போய், உங்கள் வாய்க்கு "சர்ர்" என்று வெறும் காற்றுதான் வரும். லோரியிலும் இதே கதைதான்.

டேங்கிலிருந்து பம்பு எண்ணெயை உறிஞ்சுகிறது. அந்தப் பாதை முழுவதும் 'உறிஞ்சும் பாதை'. அங்கே ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே போகும்; எண்ணெய் வெளியே வராது. பம்பைத் தாண்டிய பிறகு வருவது 'தள்ளும் பாதை'. அங்கே ஓட்டை விழுந்தால் எண்ணெய் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். நாமோ ஈரம் பட்ட இடத்தையே தேடிக்கொண்டிருப்போம். குற்றவாளியோ காய்ந்த இடத்தில் ஒளிந்துகொண்டிருப்பான்.

மேட்டைப் பார்த்து நிறுத்தினால் ஏன் எடுக்கவில்லை என்பதும் இப்போது விளங்கும். அத்தானின் லோரியில் எஞ்சின் முன்னால், டேங்க் பின்னால். முகம் மேட்டில் இருந்தால் எஞ்சின் உயரத்தில், டேங்க் தாழ்வில். இரவு முழுவதும் ஓட்டை வழியே காற்று புகப் புக, குழாயில் இருந்த எண்ணெய் மெல்ல மெல்ல டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் பம்புக்கு முன்னால் வெறும் காற்று. முகம் பள்ளத்தில் இருந்தால் எண்ணெய் பம்பின் பக்கமே தேங்கி நிற்கும். அக்காள் சொன்ன அந்த ஒரு சொல்லில் நோயே அடங்கியிருந்தது.

காற்று எப்படிப் பகையாயிற்று?

டீசல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை உணர்ந்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் சூடேறும். டீசல் எஞ்சின், காற்றை ஏறத்தாழ 16இல் ஒரு பங்கிலிருந்து 22இல் ஒரு பங்கு வரை சுருக்குகிறது. அப்போது அதன் வெப்பம் 500 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் டீசலைப் பனிப்புகைபோல உள்ளே பீய்ச்சினால், அது தானே பற்றிக்கொள்கிறது.

இந்த வித்தையைக் கண்டவர் ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. ஒரு வேடிக்கை கேளுங்கள். அன்றைய எஞ்சினில், எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளியதே அமுக்கப்பட்ட காற்றுதான்! அதற்கென்று தனியாக ஒரு பெரிய காற்றுப் பொறியைச் சுமக்க வேண்டியிருந்தது. அத்தனை பாரத்தோடு லோரியில் எப்படிப் பொருத்துவது? 1927இல் போஷ் நிறுவனம் எண்ணெயையே நேராக அழுத்தித் தள்ளும் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகுதான் டீசல் எஞ்சின் லோரிக்கும் டிராக்டருக்கும் வசதியாக வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து எண்ணெய்க் குழாய்க்குள் காற்று வேண்டாத விருந்தாளி ஆகிவிட்டது.

ஏன்? பழைய லோரி, டிராக்டர்களில் இன்ஜெக்டரின் வாய் திறக்க ஏறத்தாழ 170, 200 காற்றழுத்தம் வேண்டும். கார் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்று இரண்டு சொச்சம்தான். எண்ணெயைச் சுருக்க முடியாது. பம்பு தள்ளினால் அந்தத் தள்ளல் அப்படியே இன்ஜெக்டருக்குப் போய்ச் சேரும். காற்றோ பஞ்சு மெத்தை மாதிரி. பம்பு அமுக்கினால் அமுங்கும், விட்டால் விரியும். இன்ஜெக்டரின் வாய் மட்டும் திறக்காது. ஒரு சின்னக் குமிழி, இத்தனை பெரிய எஞ்சினை நிறுத்துவது இப்படித்தான்.

வண்டி சொல்லும் குறிகள்

வைத்தியர் நாடி பிடிப்பதுபோல வண்டியின் நாடியையும் பிடிக்கலாம். எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. இந்தப் பகுதியைக் கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

காலையில் பிடித்து, சில விநாடியில் நின்று, பிறகு வெகு நேரம் முடுக்கினால்தான் எடுக்கிறதா? இரவில் காற்று புகுந்து எண்ணெய் இறங்கியிருக்கிறது. உறிஞ்சும் பாதையைப் பாருங்கள்.

சும்மா நிற்கும்போது ஒழுங்காக ஓடி, பாரம் ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் தளர்கிறதா? வடிகட்டி அடைத்திருக்கலாம். குறைந்த எண்ணெய் வேண்டும்போது கொடுக்கிறது. அதிகம் கேட்டால் கொடுக்க முடியவில்லை.

அரை மணி ஓடி நின்று, பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் மறுபடி எடுக்கிறதா? டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கலாம். எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்கே எண்ணெயைத் திரும்ப இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தால் அதுவே குறி. அப்படி இல்லையென்றால் டேங்கின் அடியில் கிடக்கும் குப்பை, உறிஞ்சும் குழாயின் வாயை வந்து வந்து மூடுகிறது.

டேங்க் நிறைந்திருக்கும்போது தொல்லை இல்லாமல், பாதிக்குக் கீழே இறங்கினால் மட்டும் தொல்லையா? டேங்குக்கு உள்ளே இறங்கும் குழாயில் ஓட்டை இருக்கலாம். எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும் வரை அது தெரியாது. எண்ணெய் இறங்கியதும் அங்கே காற்று புகும்.

சும்மா நிற்கும்போதே வேகம் தானாக ஏறி ஏறி இறங்குகிறதா? குமிழியோ தண்ணீரோ கலந்து வருகிறது என்று சந்தேகப்படலாம்.

புகையையும் பாருங்கள். முடுக்கும்போது புகையே வராவிட்டால் எண்ணெயே உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் எண்ணெய் போகிறது, ஆனால் சரியாக எரியவில்லை. பாரத்தில் கரும்புகை தள்ளினால் எஞ்சினுக்குப் போக வேண்டிய காற்று போதவில்லையா என்று காற்று வடிகட்டியைத் தட்டிப் பாருங்கள்.

தேடும் முறை

குறி தெரிந்துவிட்டது. இனி டேங்கிலிருந்து தொடங்கி பம்பு வரை ஓர் ஒழுங்காகப் போக வேண்டும். பம்பிலிருந்து பின்னோக்கி வருவது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. விலை மலிந்த பொருள்கள் எல்லாம் டேங்கின் பக்கம்தான் இருக்கின்றன.

முதலில் மூடி. அடுத்து ஒவ்வொரு ரப்பர் குழாயும். குழாயை மடக்கிப் பாருங்கள்; வெடிப்பு தெரியும். கிளிப்பை முறுக்கினால் மட்டும் போதாது. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று கழற்றிப் பாருங்கள். அடுத்து, மூட்டுக்களில் உள்ள செம்பு வாஷர். ஒரு முறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக அடைக்காது, புதிது போடுங்கள். அடுத்து, தண்ணீர் தேங்கும் கண்ணாடிக் கிண்ணம், அதன் ரப்பர் வளையம். அதன் பிறகு கையால் அடிக்கும் பம்பு.

ஒன்றைக் கவனியுங்கள். டிராக்டர்களில் பெரும்பாலும் வடிகட்டி, தூக்கிக் கொடுக்கும் சின்னப் பம்புக்குப் பிறகு இருக்கும். அங்கே ஓட்டை விழுந்தால் ஈரம் தெரியும். பழைய டீசல் பிக்கப் வண்டிகள் பலவற்றில் பெரிய பம்பே நேராக டேங்கிலிருந்து உறிஞ்சும். அவற்றில் வடிகட்டியும் உறிஞ்சும் பாதையில்தான் இருக்கிறது. அங்கே வடிகட்டியின் வளையம் சரியில்லாவிட்டாலும் சொட்டாது, காற்றுதான் புகும்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் பெரியவர் செய்த பிளாஸ்டிக் குழாய்ச் சோதனை இருக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு. சுத்தமான சின்னத் தகரத்தில் டீசல் ஊற்றி, பம்பை விட உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராகப் பம்புக்குக் குழாய் கொடுங்கள். எஞ்சின் ஒழுங்காக ஓடினால் பம்பும் இன்ஜெக்டரும் நன்றாக இருக்கின்றன. பிழை டேங்குக்கும் பம்புக்கும் இடையே. ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கும் தீர்ப்பு இது. தகரம் புகைக்குழாயின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது; வாயில் சிகரெட்டும் இருக்கக்கூடாது. சோதனைக்குப் போட்ட பிளாஸ்டிக் குழாயையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். சூட்டில் அது இளகிவிடும்.

நம் பால் எண்ணெய்க்கு ஆகாது

வெடித்த குழாயின்மேல் பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றிக் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவசரத்துக்கு வீடு வந்து சேரலாம், நிரந்தரமாக விடாதீர்கள். நாம் தலைமுறை தலைமுறையாக வெட்டிய மரத்துப் பாலில் பிறந்த இயற்கை ரப்பருக்குத் தேய்மானத்தைத் தாங்கும் சக்தி உண்டு. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஆனால் டீசல் பட்டால் உப்பிப்போய் இளகிவிடும். அதனால்தான் எண்ணெய்க் குழாயை வேறு வகைச் செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். கடையில் "டீசல் குழாய்" என்று கேட்டே வாங்குங்கள். தண்ணீர்க் குழாயை வாங்கி மாட்டாதீர்கள்.

ரப்பரை விட்டுச் செம்பனைக்கு வருவோம். நம் கைபட்ட செம்பனை இன்று டேங்குக்குள்ளேயே வந்துவிட்டது! 1979இல் அமைந்த செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம், 1982 முதல் செம்பனை எண்ணெயிலிருந்து டீசல் செய்யும் ஆராய்ச்சியில் இறங்கியது. 2019இல் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை டீசல் கலப்பது கட்டாயமாயிற்று. 2020 தொடக்கத்தில் 20 விழுக்காட்டுக் கலவை முதலில் வந்தது நம் கெடாவின் லங்காவியில்தான்.

இதனால் எஞ்சின் கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு குணங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். செம்பனை டீசல் சோப்பு மாதிரி பழைய டேங்கில் ஒட்டிக் கிடந்த அழுக்கைக் கரைத்து இழுத்து வரும். ஆகவே வெகு காலம் சும்மா கிடந்த பழைய வண்டியில் முதல் ஒன்றிரண்டு வடிகட்டிகள் சீக்கிரம் அடைக்கலாம். அடுத்தது, அது சாதாரண டீசலை விட அதிகமாக ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஈரம் நின்ற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகிக் கரும்பாசிபோலக் கொழகொழப்பாகத் திரளும். வடிகட்டியைத் திறந்தால் அப்படி ஏதும் தெரிகிறதா? டேங்கையே கழற்றிக் கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வடிகட்டியும் தண்ணீரும்

பெரிய பம்புக்குள் ஓடும் உருளைக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். நம் தலைமுடியின் கனத்தில் அது இருபதில் ஒரு பங்குகூட இராது. அவ்வளவு நுட்பமான இடத்துக்குள் மண்துகள் போனால் என்ன ஆகும்? அதைக் காக்கத்தான் சில வெள்ளி விலையில் வடிகட்டி நிற்கிறது. அதை மாற்றாமல் மிச்சம் பிடிப்பது, கதவுக்குப் பூட்டு வாங்காமல் காசு மிச்சம் பிடிப்பது போல.

மாற்றும்போது நடக்கும் தவறுகள் சில. பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பார்க்காமல் அதன்மேல் புதிதைப் போட்டால் இரட்டை வளையம் ஆகி அங்கேயே காற்று புகும். தேடிக் கழற்றுங்கள். புது வளையத்தின்மேல் விரலால் கொஞ்சம் சுத்தமான டீசல் தடவுங்கள். காகித வடிகட்டியைக் கழுவி மறுபடி போடாதீர்கள். புது வடிகட்டியின் நடுத்துளையில் தகரத்து டீசலை ஊற்றி நிரப்பாதீர்கள். பல வடிகட்டிகளில் அது சுத்த எண்ணெய் வெளியேறும் வழி. அங்கே ஊற்றிய அழுக்கு வடிகட்டப்படாமலே பம்புக்குப் போகும். கைப்பம்பை அடித்து நிரப்புவதே நல்லது.

மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடம் அதிகம் இருந்தால், இரவுக் குளிரில் அங்கே உள்ள காற்றின் ஈரம் வேர்த்துத் தண்ணீராகி அடியில் தங்கும். காலையில் முடுக்குவதற்கு முன் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வடியுங்கள். டிரம்மில் டீசல் வைப்பவர்கள் மழை படாத கூரைக்கடியில் வையுங்கள். நட்டு நிறுத்திய டிரம்மின் தலையில் தேங்கும் மழைத்தண்ணீர் மூடி வழியே உள்ளே இறங்கும். உருட்டி வந்த டிரம்மை ஒரு நாள் அசையாமல் விட்டு, அடியில் நாலு விரல் விட்டு மேலாக எடுங்கள். துத்தநாகம் பூசிய வாளியிலும் டிரம்மிலும் டீசலைத் தங்க வைக்காதீர்கள். துத்தநாகம் எண்ணெயோடு சேர்ந்து பிசுக்காகி வடிகட்டியை அடைக்கும்.

குரூணைத் தாண்டி வடக்கே போனால் மூடா சமவெளி நெல்வயல்கள். அங்கே அறுவடை இயந்திரம் ஓட்டும் நண்பர்களுக்கும் இதே சொல்தான். அறுவடை நேரத்துப் பதரும் தூசியும், எண்ணெய் ஊற்றும்போது திறந்த டேங்கில் விழக் காத்திருக்கும். மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறப்பது அரை நிமிட வேலை.

காற்றை எடுப்பது எப்படி?

ஓட்டையை அடைத்தாயிற்று. உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டாமா? பழைய டிராக்டர், லோரிகளில் வரிசை இதுதான்.

முதலில் வடிகட்டியின் தலையில் உள்ள சின்னத் திருகைக் கொஞ்சம் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். நுரையும் குமிழியும் வரும். குமிழி இல்லாத சுத்த டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள். அடுத்து பெரிய பம்பில் உள்ள திருகு. அங்கேயும் அப்படியே. கடைசியாக, இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் இரண்டின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, விலகி நின்றுகொண்டு, ஸ்டார்ட்டரால் முடுக்கச் சொல்லுங்கள். டீசல் வந்ததும் இறுக்குங்கள். ஒரே மூச்சில் பதினைந்து விநாடிக்கு மேல் முடுக்க வேண்டாம். ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுங்கள்.

கைப்பம்பின் நெம்புகோல் அடித்தும் வேலை செய்யவில்லையா? பம்பு கெட்டது என்று கழற்றிவிடாதீர்கள். உள்ளே அதைத் தள்ளும் முட்டு உச்சியில் நிற்கும். எஞ்சினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள்.

ஆனால் இந்த வித்தை பழைய எஞ்சின்களுக்கு மட்டுமே. கணினி வைத்த புது டீசல் வண்டிகளில் அழுத்தம் 2000 காற்றழுத்தம் வரை போகும். அவற்றில் அந்த இரும்புக் குழாய்களில் கைவைக்காதீர்கள். வடிகட்டியைப் பார்ப்பதும் தண்ணீர் வடிப்பதும் நம் வேலை. மற்றது விவரம் தெரிந்தவர் வேலை.

உயிருக்கு ஓர் எச்சரிக்கை

இதை மட்டும் மறக்காதீர்கள். ஓடும் எஞ்சினில் அழுத்தமான குழாயின் கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூட அதிகம் இராது. "முள் குத்தினாற்போல இருக்கு" என்று விட்டுவிட்டால், சில மணி நேரத்தில் கை வீங்கிச் சதை அழுகத் தொடங்கும். விரலையே, கையையே இழக்க நேரலாம்.

அப்படி நேர்ந்தால் மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், "அழுத்தத்தில் டீசல் உள்ளே பாய்ந்துவிட்டது" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். புள்ளியைப் பார்த்து யாரும் சாதாரணக் காயம் என்று எண்ணிவிடக்கூடாது. கசிவைத் தேட வேண்டுமானால் ஓர் அட்டையை நீட்டுங்கள். அட்டை நனைந்தால் அங்கேதான் ஓட்டை. அட்டை ஓட்டையானால் வேறு வாங்கலாம், கை அப்படியா?

யாரைக் கேட்பது?

2024 ஜூன் 10இல் தீபகற்ப மலேசியாவில் டீசல் ஒரு லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக ஒரே இரவில் ஏறியது நினைவிருக்கும். பழைய லோரியை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அன்று நெஞ்சு வலித்தது. எண்ணெய் விலை நம் கையில் இல்லை. வண்டியைக் கவனிப்பது நம் கையில் இருக்கிறது.

நான் பட்டறைக்காரர்களைக் குறை சொல்ல வரவில்லை. வண்டி அவர்களிடம் ஒரு மணி நேரம் நிற்கிறது. நம்மிடம்தான் நாளெல்லாம் நிற்கிறது. எந்த நேரத்தில் அடம் பிடித்தது, டேங்கில் எவ்வளவு எண்ணெய் இருந்தது, மேடா பள்ளமா, புகை என்ன நிறம் என்பதெல்லாம் நமக்குத்தான் தெரியும். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பட்டறைக்குப் போகும்போது அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பம்பைக் கழற்றச் சம்மதிப்பதற்கு முன், "தகரத்து டீசலில் ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அக்காளின் சங்கிலி எட்டு மாதம் கழித்து அடகிலிருந்து மீண்டு வந்தது. அத்தான் இப்போதெல்லாம் வண்டியில் சின்னச் சத்தம் வந்தாலும் முதலில் அடுப்படிப் பக்கம்தான் திரும்புகிறார்.

"ஏய், இன்னிக்குக் காலையில சத்தம் எப்படி இருந்திச்சு?"

உங்கள் வீட்டிலும் அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர் இருப்பார். அவரைக் கேட்டுப் பாருங்களேன்.